கொடுக்கும் ஊரும் கேட்கும் ஊரும்: ஆபத்துக் காலத்தில் குடிநீர், கழிவுநீர் ஸ்தாபனங்களின் பரஸ்பர உதவி

1. வினாவும் அதன் எல்லையும்

விருதுநகர் மாவட்டத்தில், வெம்பக்கோட்டை வட்டாரத்துக் கரிசல் வெளியில், தீப்பெட்டியையும் பட்டாசையும் ஜீவனமாகக் கொண்ட ஏழாயிரம்பண்ணை போன்றதோர் ஊரில், மோட்டார் எரிந்ததனாலோ, தொலைவிலுள்ள ஆற்றங்கரை நீரேற்று நிலையம் வெள்ளத்தில் மூழ்கியதனாலோ, வெடிமருந்துக் கழிவு ஆழ்துளைக் கிணற்றில் இறங்கியதனாலோ, ஒருநாட் காலையில் குழாய்கள் வறண்டுபோகுமாயின், அவ்வூருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கக் கடமைப்பட்டவர் யார், கொடுத்ததற்கான செலவை ஏற்பவர் யார், கொடுக்க வந்த இடத்தில் ஒரு தொழிலாளி அடிபட்டு வீழ்ந்தால் அவர் குடும்பத்திற்குப் பொறுப்பாளி யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் முன்கூட்டியே எழுதிவைத்த விடை உண்டா என்பதே இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

இவ்வினாவுக்கு இப்பிரதேசத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மழை குறைந்து வெயில் மிகுந்த தட்பவெப்பமே பட்டாசுத் தொழிலை இங்கே வேரூன்றச் செய்தது. அதே வறட்சிதான் இவ்வூர்களின் குடிநீரைத் தொலைதூர ஆறுகளின் தயவில் வைத்தது. வைப்பாற்றின் குறுக்கே அமைந்த வெம்பக்கோட்டை நீர்த்தேக்கம் சிவகாசிக்குக் குடிநீர் தருகிறது; ஆயினும் அது போதாமையால் மானூர்க் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் வேண்டியிருக்கிறது. அருப்புக்கோட்டை, சாத்தூர், விருதுநகர் ஆகிய நகரங்களோ திருநெல்வேலிச் சீமையின் தாமிரபரணியை நம்பியிருக்கின்றன. ஆதலால் இம்மாவட்டத்துக் குழாய்களுக்கு வரும் ஆபத்து இம்மாவட்டத்து எல்லைக்குள்ளேயே தோன்ற வேண்டும் என்பதில்லை. இங்கே வானம் தெளிந்து வெயில் காயும் நாளிலும், அங்கே ஆறு பெருகி நீரேற்று நிலையம் முடங்கினால், இங்குள்ள மேல்நிலைத் தொட்டிகள் ஓரிரு நாளில் காலியாகிவிடும்.

நம் மாநிலத்தின் குடிநீர் நிர்வாகம் மூலத்தில் ஒன்றாகவும் முடிவில் பலவாகவும் அமைந்தது என்பதையும் தொடக்கத்திலேயே கருத வேண்டும். 1971இல் தோன்றிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம், சென்னை நீங்கலான மாநிலம் முழுவதற்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களை அமைத்து, அவற்றிற் பலவற்றைத் தானே இயக்கி, மொத்தமாக நீரை உள்ளாட்சிகளுக்கு அளிக்கிறது; சென்னைக்கு 1978 முதல் தனி வாரியம் உண்டு. ஆனால் தொட்டியை நிரப்புவதும், வால்வைத் திறப்பதும், குளோரின் கலப்பதும், உடைந்த குழாயை ஒட்டுவதும் அந்தந்த ஊராட்சியின், நகராட்சியின் வேலை. மாநிலத்திலுள்ள ஊராட்சிகளின் எண்ணிக்கை பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். பெரிய திட்டத்தின் பொறியாளர்கள் ஒரு வாரியத்தின் கீழ் ஒன்றுபட்டிருக்க, தெருக் குழாய்க்குப் பொறுப்பான டேங்க் ஆபரேட்டரோ பக்கத்து ஊராட்சியின் ஆபரேட்டரோடு எவ்வித நிர்வாகத் தொடர்புமின்றித் தனித்து நிற்கிறார்.

ஆபத்துக் காலத்தில் நம் நாட்டில் உதவி நடைபெறுவதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஏராளமாகவும், பல சமயங்களில் வியக்கத்தக்க வேகத்தோடும் அது நடைபெற்றிருக்கிறது. ஆனால் அவ்வுதவி மேலிருந்து ஆணையாக இறங்குகிறதே யன்றிப் பக்கத்திலிருந்து உடன்படிக்கையாக வருவதில்லை. அதன் விளைவாகக் குரல் பெரிதான ஊருக்கு விரைந்தும் குழாயின் கடைக்கோடியிலுள்ள ஊருக்குத் தாமதித்தும் சேர்கிறது என்பதே யான் இங்கு நிறுவ விரும்புவது.

2. கண்மாய்க் கரையின் கடமை

பரஸ்பர உதவி என்றவுடன் நம்மவர் பலருக்கும் நினைவில் எழுவது, கண்மாய்களைக் குடிகள் தாமே உழைத்துப் பேணும் வழக்கமாகிய குடிமராமத்து. தென்பாண்டிச் சீமையின் கண்மாய்கள் தனித்தனிக் குளங்களல்ல. மேலைக் கண்மாயின் மறுகால் கீழைக் கண்மாயின் வரத்துக் காலாகத் தொடரும் சங்கிலிகள். மேலே ஒரு கரை உடைந்தால் அந்த வெள்ளம் கீழுள்ள கரைகளை ஒன்றன்பின் ஒன்றாக உடைத்துச் செல்லும். ஆகையால் அடைமழை இரவில் மேலூர்க் கரைக்கு மண்வெட்டியோடு ஓடிய கீழூர்க்காரர் தம் சொந்த வயலைக் காக்கவே ஓடினார். அண்டை ஊருக்குச் செய்யும் உபகாரமும் தற்காப்பும் அங்கே ஒரே செயலாயிருந்தன.

இவ்வழக்கத்தை ஆங்கில அரசு 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தில் சாசனமாக்கியது. அச்சட்டத்துக்கு இரு பகுதிகள் உண்டு: வெள்ளத்தால் கரை உடையும் அபாயம் நேர்ந்தவிடத்து அக்கம்பக்கத்தாரை உடனே வேலைக்கு அழைக்கும் அதிகாரம் ஒன்று, பாசன வேலைகளில் வழக்கமாகச் செய்துவந்த உழைப்பை வற்புறுத்திப் பெறும் அதிகாரம் மற்றொன்று. நம் ஆராய்ச்சியாளர்கள் இரண்டாவதையே விரிவாகப் பேசியிருக்கின்றனர். ஆபத்துக்கால அழைப்பைப் பற்றிய முதற்பகுதி, இன்றைய பேரிடர்ச் சட்டங்களின் மூதாதையெனத் தகும் அப்பகுதி, அத்துணைக் கவனம் பெறவில்லை.

குடிமராமத்தைப் பற்றி இருவேறு அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. சுயாட்சி பெற்ற கிராமம் தன் நீரைத் தானே பேணிய பொற்காலம் ஒன்று இருந்ததென்றும், அதனை அந்நிய ஆட்சி அழித்ததென்றும் கூறுவது ஒன்று. ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் கண்மாய்களை ஆராய்ந்து டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட நூலின் கருத்து மற்றொன்று: கண்மாய்கள் என்றும் அதிகாரத்தோடும் சாதியோடும் பிணைந்தே நின்றன, கிராமத்தார் தாமே பேணிய மரபு என்னும் சித்திரமே, பராமரிப்புச் செலவைக் குடிகள் தலையில் ஏற்ற விரும்பிய ஆட்சியின் தேவையால் பெரிதும் உருப்பெற்றது. இவ்விரண்டனுள் பின்னதற்கே ஆதாரம் மிகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. கரை உடைந்த இரவில் அழைப்பு எல்லார் மீதும் சமமாக விழவில்லை. மண்வெட்டி பிடித்தவர் மீதே விழுந்தது, அவரிற் பெரும்பாலோர் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள். பாசனப் பயனில் அவர்களுக்குக் கிடைத்த பங்கோ அற்பம். எனினும் மோஸின் விமரிசனத்தை ஏற்றபின்பும் ஒன்று எஞ்சுகிறது. நீரால் இணைக்கப்பட்ட ஊர்களுக்கு ஒருவர் ஆபத்து மற்றவர் ஆபத்து என்பது பௌதிக உண்மை. அதை வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. சங்கிலிக் கண்மாய்களின் இடத்தை இன்று கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நெடுங்குழாய் பெற்றிருக்கிறது. அக்குழாயால் இணைந்த ஊர்களிடையே அத்தகைய கடமை ஏதும் இன்னும் எழுதப்படவில்லை.

அண்டை ஊர்கள் ஒன்றுக்கொன்று துணைநிற்பது இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதற்கு வேறொரு துறையிலிருந்தும் சான்று உண்டு. 1799இல் பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்ந்து கம்பெனியாரை எதிர்த்த பாளையங்களுள் ஏழாயிரம்பண்ணையும் ஒன்று. அத்துணைநிலைக்குத் தண்டனையாக நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகியவற்றோடு இப்பாளையமும் பறிமுதலாயிற்று.

3. ஆணையாக இறங்கிய உதவி

2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் பெற்றுவந்த நகரம் 52.5 கோடி லிட்டருக்கு இறங்கிற்று. அப்போது மாநில அரசு, வேலூர் மாவட்டத்துக்காக அமைந்த காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீரை ஜோலார்பேட்டையில் இறக்கி, ரயிலேற்றிச் சென்னைக்குக் கொண்டுவரத் தீர்மானித்து 65 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஜூலை 12ஆம் நாள் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது: 50 வேகன்கள், வேகனுக்கு ஏறத்தாழ 50,000 லிட்டராக 25 லட்சம் லிட்டர். நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் கொண்டுவருவது திட்டம்.

அம்முயற்சியில் ஈடுபட்ட ரயில்வே ஊழியரும் வாரியப் பொறியாளரும் காட்டிய ஊக்கம் போற்றுதற்குரியது. ஆயினும் அதன் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது ஆராய்ச்சியாளன் கடமை. ஒரு கோடி லிட்டர் என்பது, குறைந்துபோன 52.5 கோடியிலும் நூற்றுக்கு இரண்டு பங்கினும் குறைவு. அதே சமயத்தில், நபருக்கு 15 லிட்டர் என்னும் சர்வதேச நிவாரண அளவுகோலால் அளந்தால், ஒரே ரயில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஒருநாள் உயிர்த்தேவையைத் தீர்க்கவல்லது. ஆகவே அந்நீர் போதுமா என்ற கேள்வி, அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியைப் பொறுத்தது. குழாயில் கலந்து நகரம் முழுவதும் பரவவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாமல் கரையும். லாரித் தண்ணீரும் எட்டாத தெருக்களுக்கென்றே ஒதுக்கியிருந்தால் ஒரு சிறு நகரத்தையே காத்திருக்கும்.

கொடுத்த ஊரின் நிலை யாது? வேலூர்ச் சீமையும் அவ்வாண்டு தாகத்தில்தான் இருந்தது. தங்கள் நீரை எடுத்துச் சென்றால் போராட்டம் வெடிக்குமென்று அப்போது எதிர்க்கட்சியிலிருந்த அப்பகுதியின் மூத்த தலைவர் துரைமுருகன் எச்சரித்தது அக்காலச் செய்தி. அரசியல் நோக்கத்தை அவ்வெச்சரிக்கையில் காண்பவர் காணட்டும்; அதனுள் நியாயமான கேள்வி ஒன்று இருந்தது. எவ்வளவு எடுக்கலாம், எத்தனை நாள், எடுப்பதற்கு ஈடாக ஜோலார்பேட்டை பெறுவது என்ன, பிறிதோர் ஆண்டில் வேலூர் வறண்டால் சென்னை திருப்பித் தரவேண்டியது என்ன என்பவை கொடுக்கும் ஊராட்சிகளோடு கலந்து முன்பே ஒப்பந்தமாகியிருந்தால், அந்த ரயில் பரஸ்பர உதவியாயிருக்கும். அத்தகைய ஒப்பந்தம் இல்லாதவிடத்து அது சிறிய ஊரிடமிருந்து பெரிய ஊர் எடுத்துக்கொண்டதாகவே கொடுத்தவர் மனத்தில் நின்றது. மராட்டிய மாநிலத்து லாத்தூருக்கு 2016 ஏப்ரல் 12இல் மிரஜிலிருந்து 10 வேகன்களில் 5 லட்சம் லிட்டர் வந்து சேர்ந்தபோதும் நிலை இதுதான்: அரசும் ரயில்வேயும் தீர்மானித்தன, ஊர்கள் கொடுத்தன, ஊர்கள் பெற்றன.

வேறொரு துறையின் உதாரணம் இதனைத் தெளிவாக்கும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, மாநிலத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் மின்வாரிய ஊழியர்கள் டெல்டாவுக்குச் சென்றார்கள். அண்டை மாநிலங்களின் மின்தொழிலாளரும் வந்து உடனுழைத்தார்கள். அதே நாட்களில் குடிநீருக்கு நேர்ந்தது என்ன? மின்சாரம் இன்மையால் மோட்டார் ஓடவில்லை. வாடகை ஜெனரேட்டரைத் தொட்டிக்குத் தொட்டி நகர்த்தி நீரேற்ற வேண்டியதாயிற்று. மின்கம்பம் எங்கும் ஒரே வாரியத்தின் கம்பம். எந்த மாவட்டத்து ஊழியரும் எங்கும் ஏறலாம். குடிநீர்த் தொட்டியோ ஊராட்சியின் தொட்டி. எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்பது அதன் ஆபரேட்டர் ஒருவருக்கே தெரிந்த ரகசியம். வரைபடமில்லாத ஊருக்கு வெளியூர்த் தொழிலாளி வந்தும் அரைநாள் வீணாகும்.

2023 டிசம்பர் மாதம் நமக்கு அளித்த பாடம் இன்னும் கூர்மையானது. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் சென்னை மூழ்கியது. மற்ற மாநகராட்சி, நகராட்சிகளின் தூய்மைப் பணியாளரும் நீரிறைக்கும் இயந்திரங்களும் தலைநகருக்கு விரைந்தன. இரண்டு வாரம் கழியுமுன், 17, 18ஆம் நாட்களில் தென்மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணி கரைகடந்து, அதன் ஓரத்திலிருந்த கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் நீரேற்று நிலையங்களையும் குழாய்களையும் சேதப்படுத்தியது. வெள்ளத்தின் நடுவே நின்ற தூத்துக்குடி குடிநீருக்குத் தவித்தது. மீண்டும் பிற ஊர்களிலிருந்து ஆட்களும் இயந்திரங்களும் தெற்கு நோக்கிச் சென்றனர். ஒரே மாதத்தில் கொடுத்தவர் பெறுபவராகவும் பெற்றவர் கொடுப்பவராகவும் மாறிய இந்நிகழ்ச்சி, நம் ஸ்தாபனங்களிடையே பரஸ்பர உதவிக்கு வேண்டிய மனமும் ஆற்றலும் நிறைந்திருப்பதைக் காட்டுகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் சென்னையிலோ மாவட்டத் தலைநகரிலோ இருந்த ஓர் அதிகாரி ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது. அவ்வதிகாரியின் பார்வைக்குத் தூத்துக்குடி நகரம் எட்டுவதுபோல் ஓட்டப்பிடாரத்துக்கு அப்பாலுள்ள சிற்றூர் எட்டுவதில்லை.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இந்நிலையை மாற்றாமல் உறுதிப்படுத்தியிருக்கிறது. அதன் 65ஆம் பிரிவு, மீட்புக்கு வேண்டிய வாகனங்களையும் இடங்களையும் பிற வளங்களையும் கையகப்படுத்தும் அதிகாரத்தை மாவட்ட அதிகாரம் உள்ளிட்ட அமைப்புகளுக்கு அளிக்கிறது. 66ஆம் பிரிவு அதற்கான ஈட்டுத்தொகையைப் பேசுகிறது. அவசியமான சட்டம். ஆயினும் 1858ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போலவே அதுவும் அழைப்பவரின் அதிகாரத்தை வரையறுக்கும் சட்டமே. கேட்பவரின் உரிமையை அது வரையறுக்கவில்லை.

4. கடல் கடந்த அனுபவம்

1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரம் தீப்பற்றி எரிந்தபோது, வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் முதலிய நகரங்களிலிருந்து தீயணைப்புப் படைகள் ரயிலேறி வந்தன. வந்த பலவற்றின் ஹோஸ் குழாய்கள் அவ்வூர்த் தண்ணீர்க் குழாயின் வாயில் பொருந்தவில்லை. உதவிக்கு வந்தவர் கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க, நகரின் நடுப்பகுதி சாம்பலாயிற்று. இப்பாடம் கற்கப்பட்டுவிட்டதென்று உலகம் எண்ணியிருக்க, 1991 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாண்டு மலைச்சரிவில் மூண்ட தீயில் அதே துன்பம் மீண்டும் நேர்ந்தது: அவ்வூரின் குழாய் வாய் மூன்று அங்குலம், உதவிக்கு வந்தவர் கொணர்ந்த இணைப்புகள் இரண்டரை அங்குலம். போதாக்குறைக்கு மின்சாரம் அறுந்து, மேட்டுத் தொட்டிகளை நிரப்பும் பம்புகளும் நின்றன.

அத்தீயும் அதற்கு இரண்டாண்டு முந்திய லோமா பிரீட்டா நிலநடுக்கமும் சேர்ந்து, 1992இல் அம்மாநிலத்துக் குடிநீர், கழிவுநீர் ஸ்தாபனங்கள் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளக் காரணமாயின. கத்ரீனா புயலின் பின் 2006இல் அமெரிக்கக் குடிநீர்ச் சங்கம் இம்முறையை எல்லா மாநிலங்களுக்கும் பரவச் செய்யும் திட்டமொன்றை வெளியிட்டது. இன்று ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் இத்தகைய வலையமைப்பு உண்டு. அவ்வுடன்படிக்கையின் சாரம் எளிது. சேர்வது விருப்பம், சேர்ந்தபின்னும், தன் ஊருக்கு இடையூறு நேருமெனில், கொடுக்க மறுக்கும் உரிமை உண்டு. பேரிடர் என்று அரசு அறிவிக்கும்வரை காத்திராமல் ஒரு ஸ்தாபனம் மற்றொன்றை நேரே அழைக்கலாம். வந்தவர்களின் ஊதியமும் எரிபொருளும் இயந்திரத் தேய்மானமும் எவ்வாறு ஈடுசெய்யப்படும் என்பதும், காயமுற்றால் பொறுப்பு யாருடையது என்பதும் முன்பே எழுதப்பட்டிருக்கும்.

ஜப்பானில் 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கம் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் குடிநீரை அறுத்தபோது, நாடெங்குமுள்ள நகராட்சிக் குடிநீர்த் துறைகள் தங்கள் நீர் லாரிகளோடும் குழாய்ப் பணியாளரோடும் வந்து சேர்ந்தன. அங்கே நீர்விநியோக ஸ்தாபனங்களின் சங்கமே அழைப்பையும் பங்கீட்டையும் ஒழுங்குபடுத்துகிறது. அரசின் ஆணைக்கும் ஊர்களின் தனி விருப்பத்துக்கும் இடைப்பட்ட ஒரு வழி அது.

இவற்றை அப்படியே எடுத்து நம் மண்ணில் நட்டுவிடலாம் என்போர்க்கு இரண்டு ஆட்சேபங்களைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஏறத்தாழ 50,000 சமூகக் குடிநீர் அமைப்புகள் தனித்தனியே இயங்குகின்றன. அவற்றை இணைக்க மேலிருந்து ஒருவர் இல்லாததால் உடன்படிக்கை தேவைப்பட்டது. நமக்கோ வாரியம் இருக்கிறது. அதன் ஒரு கோட்டத்துப் பம்பை மறு கோட்டத்துக்கு அனுப்ப ஒரு கடிதம் போதும். இவ்வாட்சேபம் ஆற்றங்கரை நீரேற்று நிலையம் வரையில் செல்லும். ஊராட்சித் தொட்டியின் அடிவாரத்தில் நின்றுவிடும். மற்றொரு ஆட்சேபம் கனமானது. செலவை ஈடுசெய்வதாக ஒப்புக்கொண்டு உதவி கேட்பது பணமுள்ள ஸ்தாபனத்துக்குத்தான் இயலும். மின்கட்டணத்தையே தவணையாகச் செலுத்தும் ஊராட்சி, பத்து லாரித் தண்ணீருக்கான ரசீதை எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்காமலே இருந்துவிடும். தன்னிடம் லாரியும் இல்லை, சாக்கடை அடைப்பை நீக்கும் ஜெட்ராடிங் இயந்திரமும் இல்லை என்பதால், பதிலுக்குக் கொடுக்க ஏதுமில்லை என்று கூசவும் செய்யும். விருப்ப உடன்படிக்கை இருப்போர்க்கிடையே மட்டும் நிகழும் கொடுக்கல் வாங்கலாகச் சுருங்கிவிடக் கூடாதெனில், செலவின் சுமையை வேறோர் இடத்தில் இறக்கிவைக்க வேண்டும்.

5. சாக்கடைக்குள் இறங்குபவர்

இதுவரை குடிநீரையே பேசினேன். கழிவுநீரின் பக்கம் திரும்பினால் கேள்வி உயிரைத் தொடுகிறது. வெள்ளம் வடிந்த நகரில் முதலில் வேண்டப்படுவது அடைத்துக்கொண்ட சாக்கடைகளைத் திறப்பது. அதற்கென வெளியூர்களிலிருந்து வரவழைக்கப்படுபவர்கள் நகராட்சிகளின் தூய்மைப் பணியாளர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது மாநிலமெங்கிலுமிருந்து அவர்கள் சென்னைக்கு வந்து மலைபோற் குவிந்த குப்பையை அகற்றினார்கள். அவர்களிற் பெரும்பாலோர் எந்தச் சமூகங்களிலிருந்து வந்தவர்கள் என்பதை நாம் அறிவோம். கண்மாய்க் கரைக்கு அழைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று சாக்கடைக்கு அழைக்கப்படுகிறார்கள் என்று சொல்வது மிகையாகாது.

கையால் கழிவகற்றுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் ஆளை இறக்குவதைத் தடைசெய்தது. 2014 மார்ச் 27இல் உச்சநீதிமன்றம், பாதுகாப்புச் சாதனமின்றிச் சாக்கடைக்குள் இறங்கச் செய்வது அவசர நிலையிலும் குற்றமாக வேண்டுமென்று கூறி, அவ்வாறு இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் ஈட்டுத்தொகை விதித்தது. 2023 அக்டோபர் 20ஆம் நாள் தீர்ப்பு அதனை 30 லட்சமாக உயர்த்தியது. ‘அவசர நிலையிலும்’ என்ற அந்தச் சொற்களை நம் நகராட்சி அலுவலகங்களின் சுவரில் எழுதிவைக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏனெனில் அவசரத்தின் பெயரால்தான் விதிகள் தளர்கின்றன. பழக்கமில்லாத ஊரில், எந்தக் குழியில் எந்த ஆலையின் கழிவு வருகிறதென்று அறியாத வெளியூர்ப் பணியாளருக்கோ அபாயம் இரட்டிப்பு.

அவர் அங்கே இறந்தால், சம்பளம் கொடுக்கும் நகராட்சி ஒன்று, வேலை வாங்கிய மாநகராட்சி ஒன்று, ஆளனுப்பிய ஒப்பந்தக்காரர் ஒருவர் என மூவர் நிற்க, விதவையான மனைவி மூன்று அலுவலகங்களின் படிகளையும் ஏற வேண்டியிருக்கும். அனுப்பிய ஸ்தாபனமே முதலில் ஈட்டுத்தொகையை வழங்கி, பின்பு வேலை வாங்கிய ஸ்தாபனத்திடமிருந்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் முன்பே எழுதிவைத்தால், அந்தப் படியேற்றம் நீங்கும். அதைவிட முக்கியம், ஆட்களை அனுப்புவதற்குப் பதில் முதலில் இயந்திரத்தையும், அதை இயக்கத் தெரிந்தவரையும் அனுப்புவது என்பதை உடன்படிக்கையின் முதல் விதியாக்குவது.

6. ஏழாயிரம்பண்ணைக்கு ஓர் உடன்படிக்கை

இவ்வட்டாரத்துக்கே உரிய ஆபத்துகளை இப்போது கருதலாம். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியிலுள்ள பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிப்பில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர்; உதவவும் பார்க்கவும் ஓடிவந்த ஊரார் பலர் அடுத்தடுத்த வெடிப்புகளில் அகப்பட்டார்கள். 2021 பிப்ரவரி 12இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நேர்ந்த விபத்தில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒழுங்குபடுத்தப்படாத உதவி உதவ வந்தவரையே பலிகொள்ளும் என்பதற்கு முதலிப்பட்டியைவிடத் துயரமான சாட்சி வேண்டியதில்லை. இத்தகைய தீயில் நீரைப் பீய்ச்சுவதே சில வேளைகளில் அபாயம். அலுமினியப் பொடி நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிடும். எனினும் பக்கத்து அறைகளைக் குளிரவைக்கவும், எரிந்தடங்கிய இடத்தை நனைக்கவும் தண்ணீர் லாரி லாரியாக வேண்டும். தீயணைப்பு ஊர்திகள் அந்நீரை நிரப்பிக்கொள்ளும் இடம், பெரும்பாலும், ஊராட்சியின் குடிநீர் மூலமேயாகும். தீயை அணைக்கக் கொடுத்த ஊர் மறுநாள் குடிக்கத் தேடும் நிலையும் நேரலாம்.

இன்னொரு ஆபத்து ஓசையின்றி வருவது. பட்டாசில் ஆக்ஸிஜன் தரும் பொருளான பெர்குளோரேட்டு எளிதில் நீரில் கரைந்து மண்ணூடே இறங்குவது. பட்டாசு உற்பத்தியாகும் பகுதிகளின் நிலத்தடி நீரில் அது கலந்திருப்பதை 2013இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதை அது தடுக்கும். கொதிக்கவைத்தாலும் போகாது, குளோரின் இட்டாலும் போகாது. அவ்வாறு கெட்ட ஒரு கிணற்றுக்குக் குறுகிய காலத்தில் செய்யக்கூடிய சிகிச்சை வேறொன்றுமில்லை: கிணற்றை மூடிவிட்டு அண்டை ஊரின் நீரைக் கொணர்வதே. வெள்ளத்தில் கலங்கிய நீரைத் தெளியவைத்துக் குடிக்கலாம். இதற்கு அண்டை ஊர்தான் மருந்து.

எத்துணை நீர் வேண்டும்? ஆறாயிரம் பேர் வாழும் ஓர் ஊரைக் கொள்வோம். நபருக்கு 15 லிட்டராயின் நாளொன்றுக்கு 90,000 லிட்டர். 10,000 லிட்டர் கொள்ளும் லாரிக்கு ஒன்பது நடை. ஜல் ஜீவன் திட்டம் கிராமங்களுக்கு வகுத்த 55 லிட்டர் அளவாயின் முப்பத்து மூன்று நடை. ஒன்பது நடை என்பது சாத்தூர் நகராட்சியும் சிவகாசி மாநகராட்சியும் அண்டை ஊராட்சிகளும் பங்கிட்டுக்கொண்டால் ஆகக்கூடிய காரியம். முப்பத்து மூன்று ஆகாத காரியம். ஆகவே எவ்வளவு தரப்படும், எந்த நாள் வரை, பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் எத்தனை நடை என்பவையும், வந்து இறங்கும் நீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாதிருப்பதை யார் சோதிப்பது என்பதும் உடன்படிக்கையிலேயே இடம்பெற வேண்டும்.

செலவைப் பற்றிய ஆட்சேபத்துக்கு இங்கே விடை காணலாம். மாநிலப் பேரிடர் நிதியின் விதிகள் அவசரக் குடிநீர் விநியோகத்துக்கு இடமளிக்கின்றன. ஆனால் புயல், வெள்ளம், வறட்சி, தீ முதலிய வரையறுத்த பேரிடர்களுக்கே அது பயன்படும். மோட்டார் எரிந்ததும் கிணறு நஞ்சானதும் அப்பட்டியலில் இல்லை. எனினும் மாநிலம் தானே அறிவிக்கும் உள்ளூர்ப் பேரிடர்களுக்கு அந்நிதியில் பத்தில் ஒரு பங்குவரை செலவிட விதியுண்டு. பட்டாசு வட்டாரத்துக் குடிநீர் மூலம் கெடுவதைத் தமிழ்நாடு அவ்வாறு அறிவிக்குமாயின், கேட்கும் ஊராட்சி ரசீதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கொடுக்கும் நகராட்சியும் தன் தணிக்கையாளருக்கு அஞ்ச வேண்டியதில்லை. இப்பின்னது சிறிய விஷயமன்று. நல்லெண்ணமுள்ள அதிகாரி பலர் லாரியை அனுப்பத் தயங்குவதற்குக் காரணம் மனமின்மையன்று, எல்லைக்கு வெளியே செலவிட்ட எரிபொருளுக்குக் கணக்குக் காட்ட இயலாமையே.

அழைக்கும் உரிமை ஊராட்சித் தலைவருக்கே இருக்க வேண்டும். வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் தகவல் போகலாம், அனுமதிக்காகக் காத்திருத்தல் கூடாது. ஆணையின் பலத்தை நாம் விடவேண்டியதில்லை. பெருவெள்ளத்தில் அது இன்றியமையாதது. ஆனால் ஆணை பிறக்குமுன் கழியும் முதலிரண்டு நாட்களை நிரப்புவது உடன்படிக்கையின் வேலை. பதிலுக்குக் கொடுக்க ஏதுமில்லை என்று சிற்றூர் கூச வேண்டியதுமில்லை: சாத்தூருக்குத் தாமிரபரணி நீர் நின்றுபோகும் நாளில், கெடாத ஓர் ஆழ்துளைக் கிணற்றையும், அதன் மின்மோட்டாரையும், வரைபடத்தையும், இரவெல்லாம் விழித்திருந்து லாரிகளை நிரப்பத் தெரிந்த ஓர் ஆபரேட்டரையும் ஏழாயிரம்பண்ணை போன்ற ஊர்கள் கொடுக்க முடியும்.

இவ்வுடன்படிக்கை கையெழுத்தாக வேண்டிய காலம் ஆனி, ஆடி மாதங்கள். தீபாவளிக்கான உற்பத்தி உச்சம் பெறும் மாதங்களும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியும் அடுத்தடுத்து வருவதால், இவ்வட்டாரத்தின் இரு பெரும் ஆபத்துகளும் ஆண்டின் ஒரே பாதியில் நெருங்கி நிற்கின்றன. கையெழுத்திட்ட வாரத்திலேயே ஒத்திகை ஒன்று நடத்துவது நலம்: சாத்தூரிலிருந்து ஒரு நகராட்சித் தண்ணீர் லாரி வந்து, அதன் ஹோஸை இவ்வூர்த் தரைமட்டத் தொட்டியின் குழாயோடு இணைத்துப் பார்க்கட்டும், பொருந்தாவிடில் எந்த அளவு இணைப்பு வேண்டும், அதை வாங்குவது யார், யாருடைய கிடங்கில் அது இருக்கும் என்பதை அன்றே பதிவேட்டில் எழுதி இரு தரப்பும் கையொப்பமிடட்டும்.